தானாய் ஓடுமென்று வாங்கிய கார்

1

என் கணவரின் முதல் வருட ஆட்டைத் திவசம் முடிந்த அன்று பின்னேரம், யாழ்ப்பாணத்துக் கோப்பாயிலிருந்து தங்கச்சி வீடியோவில் வந்தாள். படத்துக்குப் போட்ட மாலையைக் காட்டச் சொன்னாள். ஐயர் நேரத்துக்கு வந்தாரா, சோறு மிஞ்சியதா, மகள் சேலை கட்டினாளா என்றெல்லாம் கேட்டாள். கேட்க வேண்டியதெல்லாம் கேட்டு முடிந்து, இரண்டு பேருக்கும் கதைக்க ஒன்றும் இல்லாமற்போன நேரத்தில், "அக்கா, அத்தான்ர கார் இப்ப தானா ஓடுதோ?" என்றாள்.

அவளில் பிழை இல்லை. எங்கள் இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் அந்தக் காரைப் பற்றித் தெரியாத ஆள் கிடையாது. ஊருக்குப் போன இடத்தில் கலியாண வீடு, செத்த வீடு என்று பாராமல் அவர் அதைச் சொல்லித் திரிந்தார். "அடுத்த முறை நான் வரேக்கை, என்னை எயாப்போட்டிலை இறக்கிப்போட்டு அது தன்பாட்டிலை வீட்டை போகும்" என்பார். கேட்டவர்கள் வாயைப் பிளப்பார்கள். எங்களைப்போல ஒஸ்லோவிலிருந்து போனவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பார்கள்.

"இன்னும் இல்லையடி" என்றேன்.

"அப்ப எப்பவாம்?"

"அடுத்த வருசமாம்."

பல வருடமாக அவர் சொல்லிவந்த பதில், என் வாயிலிருந்து யோசிக்காமலே வந்தது. அவள் "அத்தான் பாவம்" என்று அழத் தொடங்கினாள். நான் அவள் அழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு இந்த ஒரு வருடமாக அழுகை வருவதில்லை. கோபமும் வருவதில்லை. பல்லுப் பிடுங்க ஊசி போட்டபின் கன்னம் இருப்பதுபோல இருக்கிறது. தொட்டால் தொட்டது தெரியும், அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

இதை எழுத வந்ததற்குக் காரணம் தங்கச்சி மட்டுமல்ல. லண்டனிலும் கனடாவிலும் இருக்கிற சொந்தங்கள், "நாங்களும் அந்தத் தானா ஓடுற மென்பொருளுக்கு முன்னமே காசு கட்டட்டோ?" என்று இப்போதும் கேட்கிறார்கள். கணவரை இழந்தவளிடம் கேட்கிற கேள்வியா என்று நினைக்கலாம். எனக்கு அது ஆறுதலாகத்தான் இருக்கிறது. மற்றவர்கள் எல்லாரும் "எப்படி இருக்கிறாய்?" என்றுதான் கேட்கிறார்கள். காருக்கென்றால் என்னால் பதில் எழுத முடியும்.

2

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நோர்வேயில் இப்போது பெற்றோல் கார் வாங்குபவரைப் பார்ப்பது அரிது. எல்லாம் மின்சாரக் கார்தான். நாங்களும் பழைய கியர்க் காரைக் கொடுத்துவிட்டு மின்சாரக் காருக்கு மாறினோம். வாங்குவதற்குக் கடைக்குப் போகத் தேவையில்லை. சோபாவில் இருந்தபடி கணினியில் நிறம், சில்லு, இருக்கை என்று ஒவ்வொன்றாகத் தெரிவுசெய்ய வேண்டும். கடைசியில் ஒரு பெட்டி: கார் முழுமையாகத் தானே ஓடும் வசதி. அதற்குக் கீழே பொடி எழுத்தில், இந்த வசதி இன்னும் முடிக்கப்படவில்லை, முடிந்ததும், சட்டம் அனுமதித்ததும் உங்கள் காருக்குத் தானாக வந்துசேரும் என்று இருந்தது. இப்போதே கட்டினால் மலிவு, பிறகு விலை ஏறும் என்றும் இருந்தது.

அவர் அந்தப் பெட்டியில் அழுத்தினார். நாங்கள் மூன்று பேரும் ஊருக்குப் போய்வரக்கூடிய காசு. அந்த வருடம் நாங்கள் ஊருக்குப் போகவில்லை.

இதில் அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து வெளிக்கிடும்போது, வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரனுக்கு முழுக்காசையும் முன்னமே கட்டிய மனிதர் அவர். கனடா என்று சொல்லித்தான் காசு வாங்கினான். நடுவில் எங்கெங்கோ வைத்திருந்து, கடைசியில் ஒஸ்லோவில் இறக்கிவிட்டு, "இதுவும் குளிர்நாடுதானே" என்றானாம். அவர் அதைச் சிரித்துக்கொண்டுதான் சொல்வார். பிறகு அகதி முகாமில் பதிலுக்குக் காத்திருந்தார், வதிவிட அனுமதிக்குக் காத்திருந்தார், என்னைக் கூப்பிடக் காத்திருந்தார். காசைக் கட்டிவிட்டுக் காத்திருப்பது அவருக்குப் பழகிய வேலை. அந்தக் கார்க் கம்பனிக்கு அவரைவிட நல்ல வாடிக்கையாளர் கிடைத்திருக்க முடியாது.

அந்தக் காசுக்கு என்ன வந்தது என்றால், நெடுஞ்சாலையில் கோட்டுக்குள் நேராகப் போகும். அதற்கும் கை சுக்கானில் இருக்க வேண்டும், எடுத்தால் கத்தும். தரிப்பிடத்தில் இருந்து கைபேசியால் கூப்பிட்டால் ஊர்ந்து வெளியே வரும். விருந்தாளிகள் வந்தால் பியோர்ண்டாலில் எங்கள் மாடிவீட்டுக்குக் கீழேயிருக்கும் கராஜுக்கு எல்லாரையும் கூட்டிக்கொண்டு போய் அதைக் காட்டுவார். ஒருமுறை அது பாதி வழியில் தூணுக்கு முன்னால் நின்றுவிட்டது. பின்னாலும் போகவில்லை, முன்னாலும் போகவில்லை. "யோசிக்குது" என்றார் அவர்.

மாரிகாலத்தில் அதுவும் இல்லை. சாலையிலிருந்து தெறிக்கிற உப்பும் சேறும் கமராவில் பட்டால், வசதி இப்போது இல்லை என்று திரையில் எழுத்து வரும். அவர் காரை ஓரங்கட்டிவிட்டு இறங்கி, கமராக்களை ஒவ்வொன்றாகத் துடைப்பார். இடைக்கிடை கம்பனி புதிய பதிப்பு அனுப்பும். காலை எழும்பியதும் அவர் முதலில் பார்ப்பது அதைத்தான். பாதி நேரம் வந்திருப்பது திரையில் விளையாடுகிற ஏதாவதொரு விளையாட்டாக இருக்கும்.

"இது சின்னப்பிள்ளையளுக்கு" என்று சொல்லிவிட்டுக் கைபேசியைக் கவிழ்த்து வைப்பார்.

3

அவர் அதை வாங்கியது எனக்காக.

நான் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். வார இறுதிகளில் விடியற்காலை வேலை வரும். ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ் வருவதற்கு முன்னமே அங்கே நிற்க வேண்டும். அவர்தான் கொண்டுபோய் விடுவார். அவர் ஒரு பேக்கரிக்குப் பாண் விநியோகிக்கிற வான் ஓடியவர். கிழமை முழுக்க இருட்டோடு எழும்புகிற மனிதர், தன் ஓய்வுநாளிலும் எனக்காக எழும்பி, இடுப்பில் கட்டிய சாரத்துக்கு மேலே குளிர்ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு சப்பாத்தும் காலுமாக வருவார். வழியில் பொலிஸ் மறித்தால் சாரத்தோடு இறங்க வேண்டி வருமே என்பது மட்டும்தான் என் பயம்.

எனக்கு லப்பன் இல்லை. நோர்வேயில் ஓட்டுநர் உரிமத்தை எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். எழுத்துப் பரீட்சை ஒரே தடவையில் பாஸ். ஓட்டப் பரீட்சையில் மூன்று முறை விழுந்தேன். மூன்று முறையும் ஒரே இடம்: மேட்டில் நிறுத்தி, திரும்ப எடுக்கிறபோது கார் பின்னுக்கு வழுக்கும். கிளச்சை எங்கே விடுவது என்று என் காலுக்கு விளங்கவேயில்லை. இத்தனைக்கும் ஊரில் நான் சைக்கிளில் போகாத இடம் இல்லை. பெற்றோலுக்குத் தடை இருந்த காலத்தில் ஆம்பிளைகளின் மோட்டார் சைக்கிள்கள் வீட்டில் கிடந்தன. நான் அம்மாவைப் பின்னால் இருத்தி மானிப்பாய் ஆஸ்பத்திரிவரை மிதித்திருக்கிறேன்.

கியர் இல்லாத காரில் லப்பன் எடுக்கலாமே என்று கார் பழக்குகிற பாடசாலையில் ஒரு ஆசிரியை சொன்னாள். வீட்டுக்கு வந்து சொன்னேன். இவருக்கு மானம் போய்விட்டது. பருத்தித்துறை ரோட்டில் மினிபஸ் ஓடியவர் அல்லவா.

"ஆட்டோமற்றிக் லப்பனோ? அது அரை லப்பன். கியர் ஓடத் தெரியாதவை எடுக்கிறது. சனம் சிரிக்கும்" என்றார்.

அவர் மட்டும் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் எங்கள் ஆட்களில் எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள். கோயிலில் ஒருத்தி லப்பன் எடுத்துவிட்டாள் என்றால், வாழ்த்துவதற்கு முன் "கியரோ, ஆட்டோமற்றிக்கோ?" என்று கேட்பார்கள். ஆட்டோமற்றிக் என்றால் "ம்ம்" என்பார்கள். அந்த "ம்ம்" எனக்கும் வேண்டாம் என்றுதான் நினைத்தேன்.

பரீட்சைக்கு முன் ஞாயிறுகளில் அவரே பக்கத்தில் இருந்து பழக்கினார். "கிளச்! கிளச்! கிளச்சை விடுமப்பா!" என்று அவர் கத்தினது, பரீட்சை வைக்கிற நோர்வேஜியன் பக்கத்தில் பேசாமல் இருந்த நேரத்திலும் எனக்குக் கேட்டது. மூன்றாம் முறை விழுந்த அன்று, வெளியே வந்து பஸ் தரிப்பில் தின்றதையெல்லாம் சத்தி எடுத்தேன். அவர் முதுகைத் தடவிவிட்டார். அந்த மாதம்தான் புதுக் கார் வாங்கக் கணினிக்கு முன்னால் இருந்தோம். அந்தப் பெட்டியில் அழுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"உமக்கு இனி லப்பனே தேவையில்லை. இது தானா ஓடும். சீலை கசங்காமல் பின்னுக்கு இருந்து போகலாம். நான் இல்லாட்டிலும் உம்மைக் கொண்டுபோய் விடும்."

எனக்கு எவ்வளவு சந்தோசம் என்று சொல்ல முடியாது. இனிப் பரீட்சை இல்லை.

4

அவர் போய் ஒரு வருடமாகிறது. இருந்தபடியே நெஞ்சைப் பிடித்தார், அவ்வளவுதான். கார் கீழே கராஜில் நிற்கிறது. ஞாயிறு விடியலில் நான் சப்பாத்துக்கு வழுக்காத ஆணிப்பட்டியை மாட்டிக்கொண்டு, பனிக்கட்டியில் மெல்ல மெல்ல இறங்கி, வேலைக்கு ஹவுகெட்டோப் பக்கம் நடக்கிறேன். முழங்கால் வலி விடுவதில்லை.

வேலையில் என் பொறுப்பாளர் நல்ல பெண். என் காலைப் பார்த்துவிட்டு ஒருநாள் கூப்பிட்டாள். ஆட்களைத் தூக்கி இறக்குகிற வேலை இனி உனக்குச் சரிவராது, வீடு வீடாகக் காரில் போய் மருந்து கொடுத்து வயதானவர்களைப் பார்த்துவருகிற பிரிவில் இளவேனிலில் ஓர் இடம் வருகிறது, உனக்குத் தருகிறேன் என்றாள். பிறகு, "லப்பன் இருக்கிறதுதானே?" என்றாள். நான் இல்லை என்றேன். அவள் முகம் போன போக்கில் எனக்கு விளங்கிவிட்டது. அந்த இடம் இல்லாவிட்டால் நோய் விடுப்பு, அது முடிந்தால் சமூகநல அலுவலகத்தின் வரிசை. இத்தனை வருடம் யாருடைய வரிசையிலும் நிற்காமல் உழைத்தவள் நான். இதையெல்லாம் யாரோ ஒருவருக்கு நடப்பதுபோலக் கேட்டுவிட்டு வந்து, பருப்பை ஊறப்போட்டேன்.

மகள் ஆரணி நகரத்துக்குள் இருக்கிறாள், ஒரு நோர்வேஜியப் பெடியனோடு. திவசத்தை அவனுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல், "பிறந்தநாள் மாதிரி, ஆனா செத்த நாள்" என்று சொல்லிக் கூட்டிவந்தாளாம். அவன் பாவம், பூங்கொத்தோடு வந்து நின்றான்.

திவசம் முடிந்த அடுத்த சனிக்கிழமை அவள் வந்தாள்.

"அம்மா, காரை வித்திடுவம். சும்மா நிக்குது. பார்க்கெரிங்குக்கும் ஃபொர்ஷிக்ரிங்குக்கும் வீணாக் கட்டுறியள்." தரிப்பிடமும் காப்புறுதியும் அவளுக்குத் தமிழில் வருவதில்லை.

"வில்" என்றேன். எனக்கு அதுவும் ஒன்றுதான், இதுவும் ஒன்றுதான்.

"அப்பா வாங்கின அந்த மென்பொருளுக்கும் சேர்த்து விலை கேக்கலாமோ எண்டு கார்த்திக்கைக் கேப்பம்."

கார்த்திக் எங்கள் மாடியில் இருக்கிறவர், கோயம்புத்தூர்ப் பெடியன், ஏதோ கணினி நிறுவனத்தில் வேலை. என் கணவரும் அவரும் கராஜில் நின்று மணிக்கணக்காகக் காரைப் பற்றிக் கதைப்பார்கள். நாங்கள் கார் ஓடுறது என்போம். அவர் வண்டி ஓட்டுறது என்பார். "ஓட்டுறதுக்கு இதென்ன மாடோ தம்பி?" என்று இவர் பகிடி விடுவார். கூப்பிட்டவுடன் கார்த்திக், குறொன்லாண்டுக் கடைத்தெருவில் வாங்கிய கறிவேப்பிலையில் பாதியோடு வந்தார். தேத்தண்ணி கொடுத்தேன். கோப்பி இருந்தால் நல்லது என்று நினைத்திருப்பார், சொல்லவில்லை.

"அதுக்குத் தனியா காசு தரமாட்டாங்க ஆன்டி," என்றார். "இப்ப மாசம் மாசம் கட்டுற மாதிரி மாத்திட்டாங்க. வேணும்னா ஒரு மாசம் கட்டிப் பாத்துக்கலாம், வேணாம்னா விட்டுறலாம். முன்னாடியே முழுசா கட்டுனவங்களுக்குத்தான் நஷ்டம். வேற வண்டிக்கும் மாத்த முடியாது."

"அப்ப, அது வந்தால் என்னை வேலைக்குக் கொண்டுபோய் விடுமோ தம்பி?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியாது.

அவர் கோப்பையை வைத்தார். "வந்தாலும் டிரைவர் சீட்ல லைசென்ஸ் இருக்குற ஒருத்தர் உக்காந்து ரோட்டையே பாத்துட்டு இருக்கணும் ஆன்டி. அதத்தான் விக்கிறாங்க. பின்னாடி உக்காந்து போறதெல்லாம் எப்ப வரும்னு யாருக்குமே தெரியாது. அங்கிள்கிட்ட நான் இதச் சொல்லிட்டேனே."

"எப்ப?"

"இந்த பில்டிங்குக்கு வந்த புதுசுல. நாலஞ்சு வருஷம் இருக்கும். ரெண்டு நாள் எங்கிட்ட பேசல. அப்புறம் அவரே வந்தார். 'ஆன்டிக்கு இதைச் சொல்லாதையும் தம்பி, அவ நம்பிக்கொண்டிருக்கிறா, இருக்கட்டும்'னார்."

ஆரணி நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் இருந்தாள். கார்த்திக்குக்கு ஏதோ பிழைத்துவிட்டது என்று தெரிந்தது. பேச்சை மாற்றுவதுபோல், "நீங்க ஏன் ஆன்டி லைசென்ஸ் எடுக்கல?" என்றார்.

"எனக்குக் கியர் வராது தம்பி."

அவர் ஆரணியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, மெதுவாகச் சொன்னார்.

"இந்த வண்டியில கியரே இல்லையே ஆன்டி."

5

நம்புவீர்களோ தெரியாது. அந்தக் காரில் முன் இருக்கையில் இத்தனை வருடம் இருந்து போயிருக்கிறேன். அவர் காலுக்குக் கீழே கிளச் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் நான் விழுந்தது கிளச்சில், இதில் கிளச் இல்லை என்று இரண்டையும் சேர்த்து ஒருநாளும் யோசிக்கவில்லை. அவரும் யோசிக்கவில்லை. கார் தானாய் ஓடும் என்பதைப் பற்றித்தான் இரண்டு பேரும் யோசித்துக்கொண்டிருந்தோம்.

"அம்மா, இப்ப எல்லாரும் ஆட்டோமற்றிக்கிலைதான் எடுக்கினம்," என்றாள் ஆரணி. "நானும் அதிலைதான் எடுத்தனான்."

"நீயோ? அப்பா உனக்குக் கேக் வெட்டினாரே!"

"அப்பா கேக்கேல்லை, நான் சொல்லேல்லை. லப்பன் கார்ட்டின்ரை பின்பக்கம் ஆட்டோமற்றிக் எண்டதுக்கு ஒரு நம்பர் இருக்கும். அப்பா முன்பக்கத்தைத்தான் எல்லாருக்கும் காட்டினவர்."

கார்த்திக் போனபின் நான் கோப்பைகளைக் கழுவினேன். கழுவின கோப்பையையே திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டு நின்றேன். கோபம். ஒரு வருடத்தில் முதன்முதலாக ஏதோ ஒன்று வந்தது, அது கோபமாக வந்தது. செத்த மனிதரில் கோபப்படுவதற்கு எனக்கு வெட்கமாக இருந்தது, ஆனாலும் நிற்கவில்லை. காருக்கு ஓடப் பழக்க முழுக்காசையும் முன்னமே கட்டினார். எனக்கு இன்னும் நாலு பாடத்துக்குக் கட்டியிருந்தால் போதும். அது வராது என்று தெரிந்தபிறகும் வருடக்கணக்காக, ஒவ்வொரு ஞாயிறும் என்னைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு, "அடுத்த வருசம்" என்றார். நான் நம்பிக்கொண்டிருக்க வேண்டுமாம்.

என்னிலும் கோபம்தான். அந்தக் காசுக்கு எனக்குக் கிடைத்தது ஒரு சாட்டு. இனி முயற்சி செய்யத் தேவையில்லை என்பதற்கு ஒரு நல்ல, விலையான சாட்டு. நான் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

ஆகவே கேட்டவர்களுக்கு என் பதில்: கட்டாதீர்கள். முடிந்த சாமானாக வந்து நிற்கட்டும், அன்றைக்கு விலை கூடவென்றாலும் அன்றைக்குப் பார்க்கலாம். முன்பணம் போனால் போகட்டும், காசு திரும்ப உழைக்கலாம். அது வரும் வரும் என்று நீங்கள் செய்யாமல் விடுகிறவைதான் உண்மையான செலவு. அதை எந்தக் கம்பனியும் பொடி எழுத்தில்கூடப் போடுவதில்லை.

ஆனால் ஒன்றையும் மறைக்காமல் எழுத வேண்டும். அந்த வருடங்களில் நான் சந்தோசமாக இருந்தேன். பரீட்சை இல்லை, பயம் இல்லை, சாரத்தோடு ஒரு மனிதர் பக்கத்தில். இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

6

காரை விற்கவில்லை. இன்னும் இல்லை.

பழக்குவதற்குப் பக்கத்தில் இருப்பவர் லப்பன் எடுத்து ஐந்து வருடமாவது ஆகியிருக்க வேண்டும் என்பது சட்டம். ஆரணிக்கு ஆகிவிட்டது. பழகுகிற கார் என்று காட்டப் பின்னால் ஒட்டுவதற்குச் சிவப்பில் பெரிய எழுத்துப் போட்ட ஒரு தகடும், உள்ளே அவளுக்கென்று இன்னொரு கண்ணாடியும் வாங்கிவந்தாள். பொறுப்பாளரிடம், இளவேனிலுக்குள் எடுத்துவிடுவேன் என்று சொல்லியிருக்கிறேன். அவள் அந்த இடத்தை எனக்காகக் கொஞ்சக் காலம் வைத்திருக்கிறேன் என்றாள். எவ்வளவு காலம் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

போன ஞாயிறு மத்தியானம், கடைகள் பூட்டிய நேரம், ஒரு பெரிய தரிப்பிடத்துக்குப் போனோம். வெறிச்சென்று இருந்தது. பனியை ஓரத்தில் மலைபோல் ஒதுக்கியிருந்தார்கள். நான் இறங்கி, சுற்றிவந்து, ஓட்டுநர் இருக்கையில் ஏறினேன். ஆரணி பக்கத்தில்.

"ஒண்டு ஓட, ஒண்டு நிக்க. அவ்வளவுதான் அம்மா."

காலை வைத்தேன். கார் சத்தமில்லாமல் நகர்ந்தது. நான் எதிர்பார்த்த குலுக்கல் வரவில்லை. ஒரு சுற்றுப் போனேன், திரும்பினேன், இன்னொரு சுற்றுப் போனேன். தரிப்பிடத்தின் மூலையில் வெளியே ஏறுகிற சின்ன மேடு ஒன்று இருந்தது. ஆரணி சொல்லாமலே அதில் ஏறி, நடுவில் நிறுத்தினேன். கார் நின்றது. பின்னுக்கு வழுக்கவில்லை. திரும்ப எடுத்தேன். மேலே ஏறிவிட்டேன். மூன்று முறை என்னை விழுத்தி, கடைசியில் சத்தியும் எடுக்கவைத்த காரியம் அவ்வளவுதான்.

நிறுத்தினபோது ஆரணியின் கண் கலங்கியிருந்தது.

"நல்லா ஓடுறியள் அம்மா," என்றாள். "அப்பா பக்கத்திலை இருந்து பாத்திருக்கோணும்."

"அப்பா பக்கத்திலை இருந்திருந்தா நான் ஓடியிருக்க மாட்டன் பிள்ளை."

சொன்னபிறகுதான் அது எவ்வளவு உண்மை என்று எனக்கே கேட்டது.  எனக்கு மூக்கு எரிந்து, காரின் முன்கண்ணாடி முழுக்க மங்கலாய்ப் போனது. சுக்கானைப் பிடித்தபடியே அழுதேன், ஒரு வருடத்து அழுகை. அவள் கையை நீட்டி என் கையைப் பிடிக்க வந்தாள். "விடு, கை சுக்கானிலை இருக்கோணும்" என்றேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு, பின்னுக்கு எடுக்கப் பழகத் தொடங்கினேன்.